டெக்சாஸ் வெயில் மேல் போட்ட பழி

டெக்சாஸ் வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் அங்கே ரிச்சர்ட்சனில் கிடைத்த நல்ல வேலையை என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் முழுக்க எல்லோரிடமும் இப்படித்தான் சொன்னோம். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் இடத்தில், ஊரிலிருந்து வந்த போன்களில்... எல்லோரும் நம்பினார்கள். "ஆமா செல்வி, அங்க ஜூலைல ஸ்டீயரிங்கைத் தொட முடியாதாம், கை வெந்துடுமாம்" என்று அனுதாபம் வேறு.

நான் பிறந்து வளர்ந்தது சாத்தூர். என் கணவர் சரவணனுக்கு அருப்புக்கோட்டை. வெயிலைக் கண்டு ஓடுகிற ஆட்களா நாங்கள்? ஒருவருக்குக்கூட இந்தச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

நிஜமான காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஆனா என்னைப் பாவமா காட்டாத" என்றார். முயற்சி செய்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலுக்குப் போயிருந்தோம். பார்க்கிங் கிடைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க, நான் பார்க் பண்ணிட்டு வாரேன்" என்றார். நானும் மகள் நிலாவும் உள்ளே போனோம். அபிஷேகம் முடிந்தது. அலங்காரம் முடிந்தது. தீபாராதனையும் முடிந்தது. அவர் வரவே இல்லை.

நாற்பது வயது தாண்டிய ஆண் நாற்பது நிமிடம் காணாமல் போனால் மனைவிக்கு முதலில் என்ன தோன்றும்? நெஞ்சுவலி என்றுதான் நினைத்தேன். நிலாவைப் பிரசாத வரிசையில் நிற்க வைத்துவிட்டு வெளியே ஓடினேன். செருப்பைக்கூடத் தேடவில்லை.

கடைசி வரிசையில் எங்கள் கார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கை இல்லை. இரண்டு கையும் போனைப் பிடித்திருந்தன, கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். பதினேழு வருடம் கூட வாழ்ந்த மனிதரின் முகம்... அன்றைக்கு எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. "என்ன செல்வி?" என்று கேட்கவில்லை. பூஜை முடிந்ததா என்று கேட்கவில்லை. "ரெண்டு நிமிஷம்" என்றார்.

போனில் இருந்தது கேசினோ, பணம் வைத்து ஆடும் சூதாட்ட ஆப். சீட்டு, சக்கரம், கிரிக்கெட், எல்லாம் உண்டு. எங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி செல்லும். அவர் அதை மறைக்கக்கூட இல்லை.

"இது லீகல் செல்வி. ஸ்டேட் லைசென்ஸ் இருக்கு. வேணும்னா கீழ பாரு."

கீழே பார்த்தேன். நிஜமாகவே இருந்தது. மாநில அரசின் முத்திரை. பக்கத்தில் பொடி எழுத்தில், பிரச்சினை என்றால் கூப்பிட ஓர் எண்.

நம்மை மாதிரி விசாவில் இருக்கிறவர்களுக்கு 'லீகல்' என்ற வார்த்தையில் ஒரு மயக்கம் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் பதினோராவது வருடமாக நிற்கிறோம். ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினால்கூட வக்கீலுக்கு மெயில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வாய் சாப்பிடுவார் சரவணன். சட்டம் சரி என்று சொல்லிவிட்டால் நமக்கும் சரி என்று எங்கள் மூளை தானாகவே முடிவு செய்துவிடும். லைசென்ஸ் என்றால் 'இது உன்னை ஒன்றும் செய்யாது' என்று அர்த்தமில்லை. 'ஏதாவது செய்தால் கேட்க மேலே ஓர் ஆள் இருக்கிறார்' என்று மட்டும்தான் அர்த்தம். இது புரிய எங்களுக்கு ரொம்ப நாளானது.

அன்று சாயங்காலமே வீட்டுப் பூஜை அலமாரி முன்னால் கற்பூரம் ஏற்றினேன். அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்தார். புகைக்கு ஸ்மோக் டிடெக்டர் அலறியது. நிலா மாடியிலிருந்து ஓடிவந்து துண்டால் விசிறினாள். "வாட் இஸ் ஹேப்பனிங்?" என்று கேட்டாள். சாமி கும்பிடுகிறோம் என்றேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சூதாட்ட ஆணையம் இயங்க ஆரம்பித்தது. தலைவர், உறுப்பினர், பியூன் எல்லாம் நானே. பாஸ்வேர்டுகள் என் கையில். தினமும் ஆறு மணிக்கு அவர் போன் என் மேஜைக்கு வரவேண்டும். பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டுவேன். பால் வாங்கப் போனவர் ஐந்து நிமிடம் தாமதித்தால் வாசலில் போய் நிற்பேன்.

அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கட்டைவிரலை மட்டும்தான் பார்த்தேன். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நிலா கேட்டாள்: "அம்மா, வொய் ஆர் யூ ஆல்வேஸ் லுக்கிங் அட் அப்பா'ஸ் ஹேண்ட்?"

அவர் கையை மேஜைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. என் ஆணையம் வெற்றி என்றே நினைத்தேன். அப்புறம் டிசம்பர் வந்தது. சாத்தூரில் என் சித்தி மகள் கல்யாணம். இந்த வருடம் முடியாது, டிக்கெட் விலை கட்டுப்படியாகாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தோம். நான் ஒரு மூச்சு அழுதும் முடித்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மூணு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். கெளம்பு."

எங்கிருந்து வந்தது பணம்? வாசகர்களே, எனக்குத் தெரியும். கேட்காமலேயே தெரியும். ஆனால் நான் கேட்கவில்லை. பெட்டியை இறக்கினேன். பட்டுப்புடவைக்கு மேட்சாக வளையல் தேடினேன். ஊரில் போய் "எங்க வீட்டுக்காரர் சர்ப்ரைஸா டிக்கெட் போட்டார்" என்று பெருமையடித்தேன்.

ஆணையத் தலைவர் லஞ்சம் வாங்கிய கதை இதுதான். இன்றைக்கும் அந்தக் கல்யாண போட்டோக்களைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

அப்புறம் என்ன? நான் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டேன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆறு மணிக்குப் போனை வாங்கும்போது என் குரலில் பழைய அதட்டல் இல்லை. எந்த முகத்தோடு அதட்டுவது?

பிப்ரவரியில் ஒரு நாள், மதியத்திலிருந்து பனி கொட்டியது. நிலாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது அவர் பொறுப்பு. நான் வீட்டில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். வாசல் மணி அடித்தது. திறந்தால் நிலா, தனியாக. தலையெல்லாம் பனி. உதடு நீலம். ஒன்றரை மைல் நடந்து வந்திருக்கிறாள்.

"அப்பா வரலையா?"

"ஹி வாஸ் தேர், அம்மா. ஐ சா தி கார்."

"பின்ன ஏன் ஏறல?"

"ஹி வாஸ் ஆன் ஹிஸ் போன். ஐ தாட் ஹி வாஸ் இன் எ மீட்டிங். ஸோ ஐ வெயிட்டட்."

அப்பா மீட்டிங்கில் இருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது. நாங்கள்தான் அதைச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறோம். பதிமூன்று வயதுப் பெண் காருக்குப் பத்தடி தள்ளி, பனியில், மரியாதையாக நின்றிருக்கிறாள். அவர் நிமிரவே இல்லை. கடைசியில் நடந்து வந்துவிட்டாள்.

அவள் காலைச் சுடுதண்ணீரில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பள்ளி முழுக்கத் தேடிவிட்டு, மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தார். அவளைப் பார்த்ததும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் அவராகவே அந்தப் பொடி எழுத்து எண்ணைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். எடுத்த பெண்மணி பொறுமையாகச் சொன்னார். மாநிலத்தில் சூதாட்டத்தைக் கண்காணிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. நாமே போய் 'என்னை உள்ளே விடாதே' என்று அங்கே பெயர் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் லைசென்ஸ் வாங்கிய எந்தக் கம்பெனியும் நம்மை ஆட விடக்கூடாது. விட்டால் அபராதம் அவர்களுக்கு. இடையில் மனம் மாறினாலும், ஒரு வருடமோ ஐந்து வருடமோ, நாம் குறித்த காலம் முடியாமல் பெயரை எடுக்க முடியாது.

எவ்வளவு நல்ல ஏற்பாடு. உடனே ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்?

ஆறு வாரம் போகவில்லை.

காரணம், அது ஒரு லிஸ்ட். "நாமளே போயி கவர்ன்மென்ட் லிஸ்ட்ல பேரு குடுக்கறதா? கிரீன் கார்டு ஃபைல்ல ஏறிச்சுன்னா?" என்றார்.

"நீங்க ஆடுனது லீகல்தானங்க?"

"லீகல்தான். ஆனா லிஸ்ட் லிஸ்ட்தானே."

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் அதே பயம்தான். ஊரில் லிஸ்ட் என்றால் ரேஷன், வோட்டு. இங்கே எங்களுக்கு லிஸ்ட் என்றாலே பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார்கள் என்ற நடுக்கம். சூதாடியபோது வராத விசா பயம், நிறுத்தப் போகும்போது வந்தது. அந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை அவர் மறுபடியும் ஆடினார். கற்பூரம் மறுபடியும் ஏற்றினோம். இந்த முறை முன்ஜாக்கிரதையாக ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய வேலைதான். ஆபீஸில் அவர் டெஸ்டிங் பிரிவு. புரோகிராம் கோட் எழுதியவனே அதைச் சோதித்து 'ஓகே' சொல்லக்கூடாது என்பது அந்தத் துறையின் அரிச்சுவடி. வேறோர் ஆள் பார்த்து சைன்-ஆஃப் என்கிற ஒப்புதலைக் கொடுக்க வேண்டும். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர் குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"இன்னைக்கு ஒரு டெவலப்பர்கிட்ட கத்திட்டேன் செல்வி. அவன் கோடுக்கு அவனே சைன்-ஆஃப் போட்டு அனுப்பிட்டான். வெக்கமா இல்லையான்னு கேட்டேன். கேட்டுட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் மட்டும் என்ன பண்ணிட்டு இருக்கேன்?"

"நான்தான் தெனமும் செக் பண்றேனேங்க."

"நீ என் டீம். ஒரே டீம்ல இருக்கவங்க செக் பண்ணா அது டெஸ்டிங்கே இல்ல."

எனக்கு டிசம்பர் டிக்கெட் ஞாபகம் வந்தது.

அந்த வாரமே சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். எங்களைப் பார்த்த அதிகாரி பெயர் டெனிஸ். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். நம்மூர் தாசில்தார் ஆபீஸில் இருப்பது போன்ற அதே சலிப்பான முகம். நான் யார் என்று கேட்டார். மனைவி என்றேன். "அப்படியானால் தயவுசெய்து வெளியே காத்திருங்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றையும் தெரிந்தவள் நான்தான், ஒவ்வொரு தேதியும் என்னிடம் இருக்கிறது என்றேன். "தெரியும் மேடம். அதனால்தான்" என்று கதவைச் சாத்தினார்.

உள்ளே சரவணனிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பார்களாம். சொந்த விருப்பத்தில் வந்தீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம். அவர் வாயிலிருந்து 'என் மனைவிதான் இழுத்துவந்தாள்' என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு. இத்தனை மாதமாக அவரை விரட்டிக்கொண்டே இருந்தவள் நான்தானே? என் வாழ்க்கையில் விசா இன்டர்வியூவுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. கதவுக் கண்ணாடி வழியாக ஒரு ஃபிளாஷ் தெரிந்தது. போட்டோ எடுக்கிறார்கள்.

வெளியே வந்தார்.

"எத்தனை வருஷம் போட்டீங்க?"

"அஞ்சு."

"ஒரு வருஷமும் போடலாம்னு சொன்னாங்களே?"

"போடலாம். அதைப் பாத்ததும் கை அதுக்குத்தான் போச்சு. அதான் அஞ்சு போட்டேன்."

கிரீன் கார்டு பற்றியும் கேட்டிருக்கிறார். சூதாட்டக் கம்பெனிகளைத் தவிர வேறு யாருக்கும் இந்த லிஸ்ட் போகாது என்று டெனிஸ் சொன்னாராம். ஆறு வாரம் நாங்கள் நடுங்கியதற்கு ஒரு வரியில் பதில் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில், பட்டப்பகலில், நான் காரிலேயே தூங்கிப்போனேன். வீடு வந்ததுகூடத் தெரியவில்லை. ஏழெட்டு மாதத்தில் அவர் பக்கத்தில் நான் பயமில்லாமல் கண்ணை மூடியது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தால், அந்த அலுவலகம் எங்கள் மேல் எந்தப் பிரியமும் காட்டவில்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. அவர் அழுதாலும் திறக்காது. நான் அழுதாலும் திறக்காது. கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது. சூதாட்டத்தில் வரும் வரி அரசாங்கத்துக்கும்தானே போகிறது, அதுவும் ஒரு டிசம்பர் டிக்கெட்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றும். அதனாலேயே அந்த நாற்காலியில் இருக்கிறவர் அரசாங்கத்துக்கும் ஆடவிடுகிற கம்பெனிக்கும் கொஞ்சம் ஒட்டாத ஆளாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது டெக்சாஸுக்கு வருவோம்.

போன மாதம் ரிச்சர்ட்சனில் அவருக்கு வேலை கிடைத்தது. வீடு பார்க்கப் போனோம். அவருடைய காலேஜ் நண்பர் பிரபு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி. டிவியில் கிரிக்கெட். நான் எல்லோருக்கும் தயிர்ப்பச்சடி பரிமாறிக்கொண்டிருந்தேன். பிரபு தன் போனை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார்.

"சரவணா, இதப் பாரு. உங்க ஊர்ல மாதிரி இங்க பெட்டிங் ஆப்பெல்லாம் அலோ பண்ணல. ஆனா இது இருக்கு. இது பெட்டிங் இல்லப்பா, வெறும் காயின்ஸ். கேம் மாதிரி. அப்புறமா கிஃப்ட் கார்டா மாத்திக்கலாம். அடுத்த ஓவர்ல விக்கெட் விழுமா? சும்மா ஒண்ணு தட்டு."

என் கரண்டி அப்படியே நின்றது. எங்கள் மாநிலத்து லிஸ்ட் எங்கள் மாநிலத்து எல்லையோடு சரி. இங்கே அவர் பெயரை யாருக்கும் தெரியாது. டெனிஸின் கதவு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய பழக்கம்... கட்டைவிரலைத்தான் பார்த்தேன்.

விரல் அசைந்தது. திரையைக் கீழே தள்ளினார். இன்னும் கீழே. கடைசி வரி வரைக்கும் போனார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முத்திரையைத் தேடுகிறார்.

"பிரபு, இதுக்கு யாரு சைன்-ஆஃப்?"

"என்னது?"

"ஒரு பிரச்சினைன்னா யாருகிட்டப் போவ?"

"ஆப்லயே சாட் இருக்குப்பா."

"அதுல யாரு பேசுவா?"

"அவங்க ஆளுதான். ரோபோவாக்கூட இருக்கும். யாருக்குத் தெரியும்?" பிரபு சிரித்தார். "மேல யாரும் கெடையாது. அதான் ஜாலி."

என் கணவர் போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். "எனக்கு இன்னும் கொஞ்சம் பச்சடி ஊத்து செல்வி" என்றார். தட்டை நீட்டினார். கரண்டி நிறைய ஊற்றினேன்.

வாடகைக் காரில் ஃப்ரீவே ஏறினோம்.

"நல்ல வேலை. வீடும் பெருசு" என்றார்.

"ஆமாங்க."

"இங்க வந்தா நீ திரும்பவும் போலீஸ் ஆயிடுவ. வேண்டாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லோரிடமும் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"வெயில் ஒத்துக்காதுன்னு சொல்லிடலாம்."

இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. அதற்கப்புறம் பெயரை எடுக்க வேண்டுமானால் அவரே போய்க் கேட்க வேண்டும். கேட்பாரா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்போதெல்லாம் நிலாவை அழைத்துவரப் போனால் அவர் காருக்குள் உட்காருவதில்லை. எவ்வளவு பனி கொட்டினாலும் வெளியே நிற்கிறார். கையுறை போட்ட இரண்டு கையும் வெளியே, அவள் தூரத்திலிருந்தே பார்க்கும்படி. போன வியாழக்கிழமை இன்னொரு தமிழ் அம்மா என்னைக் கேட்டார்: "ஏன் செல்வி, உங்க வீட்டுக்காரர் இந்தக் குளிர்ல வெளிய நின்னுட்டிருக்கார்? கார்ல ஹீட்டர் இல்லையா?"

"இருக்கு. எங்க குடும்பத்துக்கே சூடு ஒத்துக்காது" என்றேன்.